பெர்லினில் வாழும் இஸ்ரேலியர்கள்: அவர்களுடைய பழக்கவழக்கம், கூடுகை, விருந்து குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்லினில் அலுவலகத்திலோ அடுத்த வீட்டிலோ ஒரு இஸ்ரேலியக் குடும்பத்தோடு பழக வாய்ப்பவர்களுக்கும், இந்தக் கூட்டத்தைப் பற்றிச் செய்தியில் மட்டும் படித்தவர்களுக்கும் எழும் கேள்விகள் இவை. வட்டக்கானலில் முதுகுப்பையோடு திரியும் இஸ்ரேலிய இளைஞர்களைப் பார்த்தவர்கள் அந்தப் படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அங்கே வருபவர்கள் ராணுவச் சேவை முடித்துச் சில மாதம் ஊர் சுற்ற வந்தவர்கள். இங்கே இருப்பவர்கள் வாடகை கட்டி, வரி கட்டி, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலைபவர்கள்.

பெர்லினில் எத்தனை இஸ்ரேலியர்கள் இருக்கிறார்கள்?

பத்தாயிரம் என்பார்கள், முப்பதாயிரம் என்பார்கள். சரியான கணக்கு கிடைக்காததற்குக் காரணம் பாஸ்போர்ட். ஜெர்மன் குடியுரிமையும் உள்ளவரை ஜெர்மன் பதிவேடு ஜெர்மானியராகத்தான் எண்ணும். தாத்தா பாட்டி வழியில் போலந்து, ருமேனியா பாஸ்போர்ட் வாங்கி வந்தவர் போலந்துக்காரராகவோ ருமேனியராகவோ கணக்கில் ஏறுவார். இஸ்ரேலிய பாஸ்போர்ட்டை மட்டும் காட்டியவர்தான் இஸ்ரேலியர்.

இன்னொன்று: இஸ்ரேலியர் என்றால் யூதர் மட்டும் இல்லை. இஸ்ரேல் குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபியர். ஹைஃபாவிலிருந்தும் நாசரேத்திலிருந்தும் வந்த பாலஸ்தீனர்களும் இந்த நகரத்தில் உண்டு. அவர்களில் பலர் தங்களை ‘இஸ்ரேலியர்’ என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் எந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ அதையே நீங்களும் சொல்லுங்கள்.

இவ்வளவு பேர் எப்படி எளிதாக வர முடிகிறது?

இரண்டு வழி. ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 116-ஆம் பிரிவு, நாஜி ஆட்சியில் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் அதைத் திரும்பக் கேட்கும் உரிமை தருகிறது. அதில் விடுபட்டுப்போன பலருக்கு 2021 ஆகஸ்டில் வந்த சட்டத் திருத்தம் வழி திறந்தது. அந்த வேர் இல்லாதவர்களுக்கும் ஒரு சலுகை உண்டு: இஸ்ரேலியர்கள் விசா இல்லாமல் உள்ளே வந்து, இங்கிருந்தபடியே வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி கைக்கு வரும்வரை வேலை செய்யக்கூடாது. அதை மறந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

சங்கம், கோயில் மாதிரி எல்லாரும் கூடும் ஓர் இடம் இருக்கிறதா?

இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். நகரத்தில் யூதச் சமூக அமைப்பு இருக்கிறது. ஓரானியன்பர்கர் வீதியில் 1866-இல் திறந்த தொழுகைக்கூடத்தின் பொன் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும், ரீக்கே வீதியில் 1904-இல் கட்டிய பெரிய கூடம் இருக்கிறது. ஆனால் அந்த அமைப்பின் உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் 1990-களில் சோவியத் நாடுகளிலிருந்து வந்த ரஷ்ய மொழிக்காரர்கள். டெல் அவீவில் தொழுகைக்கூடப் பக்கமே போகாத ஓர் ஆள் பெர்லினுக்கு வந்ததும் போய்விடப்போவதில்லை. ஹீப்ரு அவர் வீட்டு மொழி, பண்டிகை அவர் நாட்டுக் காலண்டர். இவற்றைக் காப்பாற்ற ஊரில் எந்த அமைப்பிலும் சேர வேண்டியிருக்கவில்லை என்பதால் இங்கேயும் சேரத் தோன்றுவதில்லை.

விதிவிலக்காகச் சொல்லத்தக்கது கிராய்ட்ஸ்பெர்க்கில் உள்ள ஃப்ரங்கெலூஃபர் கூடம். 1916-இல் திறந்த பெரிய கட்டடம் 1938 நவம்பரில் சேதப்படுத்தப்பட்டு, போருக்குப் பிறகு இடிக்கப்பட்டது. எஞ்சிய பக்கக் கட்டடத்தில் இன்று தொழுகை நடக்கிறது. இளம் இஸ்ரேலியர்கள் எட்டிப்பார்க்கும் இடம் அது. தொழுகைக்காகப் போவதைவிட, அதற்குப் பிறகான சாப்பாட்டுக்காகப் போகிறவர்களும் நிறைய.

மற்றபடி எல்லாம் வாட்ஸ்அப் குழு, ஃபேஸ்புக் குழு, 2012-இல் தொடங்கிய ‘ஷ்பிட்ஸ்’ என்ற ஹீப்ரு இதழ், விளையாட்டுத் திடல், வெள்ளிக்கிழமை இரவு யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறை மேசை. அந்த மேசைக்கு அழைப்பு வரும்வரை இந்தச் சமூகம் உங்கள் கண்ணில் படாது.

புதிதாக வந்தவர் முதல் மாதத்தில் எங்கே சறுக்குகிறார்?

வீட்டில். ‘சப்லெட்’ என்பது இன்று ஹீப்ரு சொல்லாகவே ஆகிவிட்டது: வீட்டுக்காரர் ஊருக்குப் போகும் இரண்டு மாதத்துக்கு அவர் அறையில் குடியிருப்பது. ஹீப்ரு குழுக்களில் தினமும் இப்படி விளம்பரம் வரும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த முகவரியில் ‘அன்மெல்டுங்’ செய்யலாமா? குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீடு தருபவர் கையெழுத்திட்ட உறுதிப்படிவம் தேவை. படிவம் தராத சப்லெட்டில் இருப்பவருக்கு வரி எண் வராது. நிரந்தர வரி எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் மிக உயர்ந்த வகுப்பில் வரி பிடிப்பார்கள்.

பதிவு முடிந்த பிறகும் ஒரு பொறி உண்டு. வரி எண் தபாலில் வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப்போய்விடுவார், மூன்றாம் மாடி ஆளைத் தெரியுமா என்று யாரிடமும் கேட்க மாட்டார். ஒரு துண்டுக் காகிதமும் செலோடேப்பும் போதும். முதல் நாளே ஒட்டிவிடுங்கள். 2023 அக்டோபர் ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு யூதப் பெயரை வெளியில் ஒட்டத் தயங்குபவர்கள், பெட்டியில் துணையின் குடும்பப் பெயரை மட்டும் வைத்து, கடிதங்களை ‘இன்னார் வழியாக’ என்று அந்தப் பெயருக்கு வரவழைக்கிறார்கள்.

முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் சட்டப்படி கேட்கக்கூடாது. வீட்டைப் பார்க்குமுன் பணம் அனுப்பச் சொன்னால், கேட்பவர் எவ்வளவு இனிமையான ஹீப்ருவில் எழுதினாலும் அனுப்பாதீர்கள். ‘நம்ம ஆள்’ என்ற நம்பிக்கையில்தான் பணம் போகிறது.

பதிவுப் படிவத்தில் மதம் கேட்கிறார்களே, என்ன எழுதுவது?

இஸ்ரேலியருக்கு ‘யூதர்’ என்பது பிறப்பு அடையாளம், ஜெர்மன் படிவத்துக்கு அது வரி தொடர்பான தகவல். சில மாநிலங்களில் யூதச் சமூக அமைப்பும் தேவாலயங்களைப் போல உறுப்பினர் வரி பெறுகிறது. 2002-இல் பிரான்சிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்த ஒரு தம்பதி படிவத்தில் ‘மோசேயின் மதம்’ என்று எழுதப்போய், உள்ளூர் அமைப்பு அவர்களை உறுப்பினராகக் கருதி வரி கேட்டது. வழக்கு பல ஆண்டு நடந்தது. உறுப்பினராகும் எண்ணம் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தை யோசித்து நிரப்ப வேண்டும், சந்தேகம் இருந்தால் முதலில் வரி ஆலோசகரைக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். எத்தனை மணிக்குப் போவது, என்ன கொண்டுபோவது?

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டில் கோஷர் (யூத உணவு விதி) பார்ப்பார்களா, ஷப்பாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை வேலையும் மின்கருவியும் தொடாத ஓய்வு நாள்) கடைப்பிடிப்பார்களா? இதைக் கேட்பதில் தவறே இல்லை. அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

கடைப்பிடிக்காத வீடு என்றால், பெரும்பாலும் அப்படித்தான், எட்டு மணி என்றால் எட்டரை. 7:58-க்குக் கதவைத் தட்டினால் ஈரத் தலையோடு ஒருவர் திறந்து உங்கள் கையில் வெள்ளரிக்காயையும் கத்தியையும் கொடுப்பார். அது அவமதிப்பு இல்லை, வீட்டு ஆளாக்கிக்கொள்ளும் வழி. சாலட்டுக்கு வெள்ளரியும் தக்காளியும் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாத பொடித் துண்டாக நறுக்க வேண்டும். பெரிதாக நறுக்கினால் சொல்லிக்காட்டுவார்கள்.

கடைப்பிடிக்கும் வீடு என்றால் கடிகாரம் பெர்லின் வானத்தின் கையில். சூரியன் மறைய 18 நிமிடம் முன்பு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். டிசம்பர் நடுவில் இங்கே சூரியன் 3:53-க்கே மறைந்துவிடும், ஆகவே 3:35-க்குள் சமையல் முடிந்திருக்க வேண்டும். வேலையிலிருந்து மதியமே கிளம்ப வேண்டிய நிலை. ஜூன் கடைசியில் மறைவு 9:33. சாப்பாடு பத்துக்குத் தொடங்கும், குழந்தைகள் அதற்குள் தூங்கிவிடும். அதனால் கோடையில் பல வீடுகளில் நேரத்தோடே விளக்கேற்றி ஷப்பாத்தை முன்கூட்டித் தொடங்குகிறார்கள். அங்கே போகும்போது பூவோ பழமோ மறைவுக்கு முன்பே கொடுத்தனுப்புங்கள், அழைப்புமணியை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள், போனைப் பைக்குள் வையுங்கள்.

கொண்டுபோகும் பொருளில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கும்.

ஒன்று ரொட்டி. ஷப்பாத்துக்கான பின்னல் ரொட்டி ‘ஹல்லா’. ஜெர்மன் பேக்கரியில் ‘ஹெஃபெட்ஸொப்ஃப்’ என்ற பின்னல் ரொட்டி பார்த்தால் அதுவே போலிருக்கும். ஆனால் அதில் பாலும் வெண்ணெயும் சர்க்கரையும் சேரும். ஹல்லா எண்ணெயில் செய்வது. கோஷர் வீட்டில் பாலும் இறைச்சியும் ஒரே சாப்பாட்டில் வராது, எனவே கோழிக்கறி மேசையில் உங்கள் ரொட்டி இடம் பெறாது. கோஷர் பார்க்காதவர்களும் கோழியோடு இனிப்பு ரொட்டி சாப்பிட முகம் சுளிப்பார்கள்.

இரண்டாவது ஒயின். கோஷர் வீட்டுக்கு முத்திரையுள்ள ஒயின் மட்டுமே. கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள். மற்ற வீடுகளுக்கு எது வேண்டுமானாலும் சரி. வீகன்களும் அநேகமாக எல்லா மேசையிலும் ஒருவராவது இருப்பார்கள்.

தஹினா எடுத்துவரச் சொன்னார்கள். கலக்கும்போது கட்டிதட்டிவிட்டது, ஏன்?

பாதியில் நிறுத்தியதால். பச்சை எள் விழுது 200 கிராமுக்கு அரை எலுமிச்சைச் சாறு, அரைப் பல் பூண்டு, உப்பு. ஐஸ் தண்ணீர் 150 முதல் 200 மில்லி, இரண்டிரண்டு கரண்டியாக. முதல் நாலைந்து கரண்டியில் விழுது இறுகி, சுண்ணாம்புபோல் திரியும். எண்ணெயில் மிதந்த எள் துகள்கள் தண்ணீரைக் குடித்து ஒட்டிக்கொள்வதே காரணம். பயந்துபோய் எண்ணெய் ஊற்றுபவர்கள் அங்கேயே கெடுத்துவிடுகிறார்கள். தொடர்ந்து தண்ணீர் விட்டு அடித்தால் சட்டென்று இளகி, வெளுத்து, தோசைமாவுப் பதத்துக்கு வரும். பத்து நிமிடம் வைத்தால் மறுபடி கெட்டியாகும், ஆகவே கொஞ்சம் நீர்க்கவே நிறுத்துங்கள்.

விழுதை சூப்பர்மார்க்கெட்டின் இயற்கை உணவு அலமாரியில் வாங்க வேண்டாம். தோலோடு அரைத்தது கசக்கும். நொய்கோல்னில் ஸோனன் அலீ சாலையின் லெபனான், சிரியா, பாலஸ்தீனக் கடைகளில் நல்லது கிடைக்கும். ஊர் ருசி தேடும் இஸ்ரேலியருக்கு அது அரபியர் கடையில்தான் கிடைக்கிறது. பிரென்ஸ்லாவர் பெர்க்கில் 2015-இல் ஓர் இஸ்ரேலியரும் ஒரு பாலஸ்தீனரும் சேர்ந்து தொடங்கிய ‘கனான்’ உணவகத்தில் ஹம்மூஸுக்காக (கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்த விழுது) வந்து உட்காருபவர்கள் இரு பக்கத்தாரும்தான்.

‘மங்கல்’ என்றால் என்ன?

திறந்தவெளிக் கரி அடுப்புச் சமையல். இஸ்ரேல் சுதந்திர நாளுக்கு அது இல்லாமல் முடியாது. நாள் ஏப்ரல், மே வாக்கில் வரும், பெர்லினில் அப்போது 12 டிகிரி இருந்தாலும் ஆச்சரியமில்லை. 2008-இல் மூடி 2010-இல் பூங்காவாகத் திறந்த டெம்பெல்ஹோஃப் விமான நிலையத் திடல் பலருக்குப் பிடித்த இடம். குறியிட்ட பகுதிகளில் மட்டும் அடுப்பு மூட்டலாம், இருட்டினால் வாயிலை மூடிவிடுவார்கள்.

இறைச்சி ஆளுக்கு 250 கிராம். கோழியின் தொடைக்கறி, எலும்பும் தோலும் நீக்கியது. சூப்பர்மார்க்கெட்டில் பெரும்பாலும் நெஞ்சுக்கறிதான் கிடைக்கும், அது கம்பியில் காய்ந்து கட்டையாகும். துருக்கிக் கறிக்கடையில் சொன்னால் எலும்பெடுத்துத் தருவார்கள். மைபாஹூஃபர் கால்வாயோரச் சந்தை செவ்வாயும் வெள்ளியும் உண்டு, காய்கறிக்கு அது போதும். ஞாயிறன்று வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கதை முடிந்தது: இங்கே ஞாயிறு கடை கிடையாது. இஸ்ரேலில் ஞாயிறு வேலைநாள் என்பதால் புதிதாக வந்தவர்களுக்கு இந்தப் பாடம் ஒருமுறை பட்டால்தான் ஏறும்.

கரியை 40 நிமிடம் முன்பே மூட்டி, மேலே சாம்பல் பூத்த பிறகு கம்பியை வையுங்கள். அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டே இருப்பவர்தான் அன்றைய தலைவர். அவருக்கு யோசனை சொல்லச் சுற்றிலும் ஐந்து பேர் நிற்பார்கள்.

பெஸாஹ் விருந்து எப்படி நடத்துகிறார்கள்?

எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை நினைக்கும் இரவு, ‘செடர்’. இஸ்ரேலில் ஒரே இரவு, வெளிநாட்டு யூதர்களுக்கு இரண்டு. பெர்லின் இஸ்ரேலியர்களில் பெரும்பாலோர் ஊர் வழக்கப்படி ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

குடும்பம் இல்லாத ஊர் என்பதால் இருபது பேர் ஒரு வீட்டில் கூடுவார்கள். மேசைக்கு நல்ல வழி ஜெர்மன் பீர் தோட்டத்து மடக்கு மேசை: 220 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், இரண்டு பெஞ்சோடு எட்டுப் பேர். மூன்று செட் எடுத்தால் இருபது பேர் தட்டு வைக்கலாம், நடுவில் பாத்திரம் வைக்க இடம் இருக்காது. 70 சென்டிமீட்டர் அகலமும் வாடகைக்குக் கிடைக்கும், அதைக் கேளுங்கள்.

கசப்புக்கு வைக்கும் குதிரைமுள்ளங்கிக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ஷ்ப்ரேவால்ட் அதற்குப் பேர்போன பகுதி. வேராக வாங்கித் துருவுங்கள். ஜாடியில் வாங்கினால் சிட்டையைப் படியுங்கள், பாதி ஜாடிகளில் கிரீம் கலந்திருக்கும். மாட்ஸா என்ற புளிக்காத ரொட்டியை மூன்று வாரம் முன்பே வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் தீர்ந்துபோகும்.

குழந்தைகளின் ஹீப்ரு நிலைக்கிறதா?

பேச்சு நிலைக்கிறது, எழுத்து தானாக வருவதில்லை. ஒரு நுட்பமான சிக்கல்: ஹீப்ருவில் ‘நீ’ என்பதற்கே ஆண், பெண் வேறுபாடு உண்டு. ஆணுக்கு ‘அத்தா’, பெண்ணுக்கு ‘அத்’. அம்மாவோடு மட்டும் ஹீப்ரு பேசும் பையன் நாளெல்லாம் கேட்பது ‘அத்தா’. அவன் திருப்பி அம்மாவையே ‘அத்தா’ என்பான். திருத்திக்கொண்டே இருப்பதால் பெரிய பலன் இல்லை. இரண்டு மூன்று பெண்கள் ஒருவரோடொருவர் பேசுவதை அவன் அடிக்கடி கேட்டால் சரியாகிவிடும். வாரம் ஒருமுறை ஹீப்ருக் குழந்தைகளின் கூடுகைக்கு பெற்றோர் அலைவதற்கு இது ஒரு காரணம்.

பள்ளி என்றால் ஷார்லோட்டன்பர்க்கின் ஹைன்ஸ் காலின்ஸ்கி தொடக்கப்பள்ளி, 1993-இல் மறுபடி திறந்த மோசஸ் மெண்டல்சோன் உயர்நிலைப்பள்ளி. இரண்டிலும் ஹீப்ரு உண்டு, வாசலில் காவலும் உண்டு. காவல் பூத்தைத் தாண்டிப் பிள்ளையை அனுப்ப மனமில்லாமல் சாதாரண ஜெர்மன் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கணிசம்.

பேச்சில் எங்கே உரசல் வரும்?

வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். நமக்கு இது புதிதல்ல, ஜெர்மானியருக்கு அதிர்ச்சி. ‘ராணுவத்தில் எங்கே இருந்தாய்’ என்பது அவர்களுக்குள் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பதற்குச் சமம். வெளியாள் அதைக் கேட்காமல் இருப்பது நல்லது. கேட்பவருக்கு ஆர்வமாக இருப்பது பதில் சொல்பவருக்கு விசாரணையாகத் தோன்றும்.

ஒரு சொல் விபத்து: ஏமாளி என்பதற்கு ஹீப்ருவில் ‘ஃப்ரையர்’. ‘நான் ஒன்றும் ஃப்ரையர் இல்லை’ என்பது இஸ்ரேலியரின் அன்றாட வசனம். அதையே ஜெர்மன் வாக்கியத்தில் வைத்தால் விலைமாதரிடம் போகிறவன் என்று பொருள். வாடகைப் பேச்சில் ஒருவர் இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பாருங்கள். மறுபக்கம், வன்பொருள் கடையில் அவர்களுக்கு ஓர் அனுகூலம். ஸ்க்ரூ பிடிக்கச் சுவரில் செருகும் பிளாஸ்டிக் பிளக்குக்கு ‘டிபெல்’, பட்டி பூசும் தகட்டுக்கு ‘ஷ்பாக்டெல்’ என்று ஹீப்ருவில் சொல்வதெல்லாம் ஜெர்மனிலிருந்து போனவை. ஜெர்மன் தெரியாமலே சாமான் வாங்கிவிடுவார்கள். வாங்கிய கையோடு ஞாயிறன்று துளை போட்டால் கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார். ஞாயிறு முழுதும், மற்ற நாளில் இரவு பத்துக்கு மேல், சத்தம் கூடாது.

2023 அக்டோபருக்குப் பிறகு என்ன மாறியது?

நிறைய. அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலில் ஊரில் யாரையாவது இழந்தவர்கள், அவர்களைத் தெரிந்தவர்கள் இங்கே பலர். பதினொரு நாளில் ப்ரூனன் வீதியின் யூத மையத்தை நோக்கிப் பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. ரயிலில் ஹீப்ருவில் போன் பேசுவதைத் தவிர்ப்பது, டாக்ஸி செயலியில் வேறு பெயர் வைப்பது போன்றவை அப்போது பரவின. அதே சாலைகளில் காஸாவில் உறவினரை இழந்த பாலஸ்தீனக் குடும்பங்களும் வாழ்கின்றன. எள் விழுது வாங்கப் போகும் கடையின் வாசலில் இரண்டு துக்கமும் எதிரெதிரே நிற்கும்.

இஸ்ரேலியர்களும் ஒரே குரலில் பேசவில்லை. 2023 மார்ச்சில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு பெர்லின் வந்தபோது நீதித்துறை மாற்றங்களை எதிர்த்து இங்கேயே திரண்டவர்கள் அவர்கள். போருக்குப் பின் பிணைக்கைதிகளுக்காக நின்றவர்கள், போரை நிறுத்தச் சொன்னவர்கள், இரண்டுக்கும் போனவர்கள், எதற்கும் போகாதவர்கள் என்று பிரிந்தார்கள். பல வெள்ளிக்கிழமை மேசைகள் இதில் உடைந்தன. விருந்தாளியாகப் போகிறவர் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம். அவர்கள் தொடங்கினால் கேளுங்கள். ‘நீங்கள் எந்தப் பக்கம்’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

நினைவு நாட்களில் இஸ்ரேலில் ஒலிக்கும் சைரனின் நேரத்தை இங்கே எப்படிக் கணக்கிடுவது?

இஸ்ரேல் நேரத்திலிருந்து ஒரு மணி கழியுங்கள். நாஜி இனப்படுகொலை நினைவு நாள் காலை 10 மணிச் சைரன் இங்கே 9 மணி. வீரர் நினைவு நாளுக்கு முந்தைய மாலை 8 மணிச் சைரன் இங்கே 7, மறுநாள் 11 மணியுடையது இங்கே 10. அலுவலகத்தில் சக ஊழியர் அந்த நேரத்தில் காதில் கருவியோடு எழுந்து இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் பேச்சுக் கொடுக்காதீர்கள். மார்ச் கடைசியில் இஸ்ரேல் வெள்ளியன்றும் ஐரோப்பா ஞாயிறன்றும் கடிகாரத்தை மாற்றும். இடைப்பட்ட இரண்டு நாள் மட்டும் வித்தியாசம் இரண்டு மணி நேரம். பாட்டிக்குப் போன் செய்து தூக்கத்தைக் கெடுப்பது அந்த வாரக்கடைசியில்தான்.

ஊரை விட்டு வந்ததற்கு அவர்கள் குற்றவுணர்வு கொள்கிறார்களா?

மொழியிலேயே அது இருக்கிறது. இஸ்ரேலுக்குக் குடிபோவது ‘அலியா’, ஏற்றம். அங்கிருந்து போவது ‘யெரிதா’, இறக்கம். 1976-இல் பிரதமராக இருந்த ராபின் வெளியேறியவர்களை உதிர்ந்துபோன நோஞ்சான்கள் என்ற பொருளில் ஏசினார். 2014-இல் பெர்லினிலிருந்து ஒருவர், கிரீம் போட்ட சாக்லெட் புட்டிங் இங்கே 19 சென்ட்தான் என்று பில்லோடு படம் போட்டு, ஊரில் விலைவாசி விவாதத்தையே கிளப்பினார். அவர் பக்கத்தின் பெயர் ‘பெர்லினுக்கு ஏறுவோம்’. அந்த வினைச்சொல்தான் புட்டிங் விலையைவிட அதிகமாகச் சுட்டது. இளையவர்கள் இன்று யெரிதா என்ற சொல்லைப் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை, ‘இடம் மாறினோம்’ என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கத் தூதரக ஊழியர் போன்ற சிலருக்கே அனுமதி என்பதால் தேர்தல் வந்தால் விமானம் ஏறித்தான் ஓட்டுப் போட வேண்டும். ஏறுகிறார்கள்.

நட்புகள் நீடிக்குமா?

இரண்டு மூன்று ஆண்டில் பலர் கிளம்பிவிடுவார்கள், ஊருக்கோ லிஸ்பனுக்கோ. பிள்ளை முதல் வகுப்பு சேரும் வயதும் பெற்றோரின் உடல்நிலையும் முடிவு செய்யும். கிளம்பும் வாரம் வீட்டுச் சாமான் பட்டியல் ஹீப்ருக் குழுவில் விழும்: சலவை இயந்திரம், குழந்தை சைக்கிள், பெஸாஹ் தட்டு, ஒரு பை நிறைய ஹீப்ருப் படக்கதை. புத்தகங்களை இலவசமாகத்தான் தருவார்கள், முதலில் கேட்பவருக்கு. மடக்கு மேசை இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்.